ஜேக்கப் சாண்டி

ஜேக்கப் சாண்டி (ஜனவரி 23, 1910 - ஜூன் 23, 2007) இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவர் எனப் பரவலாகக் கருதப்படுபவர். கேரளத்தின் கோட்டயத்தில் பிறந்த இவர், தம் மருத்துவப் பணியின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டின் வேலூரில் செலவிட்டார். 1949ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இவர் தொடங்கிய நரம்பியல், நரம்பியல் அறுவை மருத்துவத் துறையே இந்தியாவில் இவ்வகையில் அமைந்த முதல் துறையாகும். மூளையை நேரடியாகப் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே மூளைக் கட்டிகளையும் கால்-கை வலிப்பையும் கண்டறிந்து அறுவை மருத்துவம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1964ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்ம பூஷண் விருது பெற்றார்.

இளமையும் கல்வியும்

சாண்டி 1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் கோட்டயத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக் கல்வியை அப்பகுதியிலேயே பெற்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். அந்நாளில் இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவம் என்றொரு தனிப் படிப்போ, துறையோ இருக்கவில்லை. தலையில் அடிபட்டவர்களையும் மூளையில் சீழ்க்கட்டி கொண்டவர்களையும் பொது அறுவை மருத்துவர்களே கவனித்து வந்தனர். மூளைக் கட்டி என ஐயுறப்பட்டவர்களுள் மிகப் பலருக்கு எந்த மருத்துவமும் செய்யப்படவில்லை.

பஹ்ரைனில் பணி

பட்டம் பெற்ற பின்னர் சாண்டி பாரசீக வளைகுடாவிலுள்ள பஹ்ரைன் தீவில் அமெரிக்க மறைப்பணியாளர்கள் நடத்திய மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கு அரேபியப் பகுதியில் நெடுங்காலம் மருத்துவப் பணி செய்து புகழ்பெற்றிருந்த அறுவை மருத்துவர் பால் ஹாரிசனின் கீழ்ப் பணிபுரியும் வாய்ப்பு கிடைத்தது. சாண்டிக்கு நரம்பியல் அறுவை மருத்துவத்தின்மீது ஈடுபாடு ஏற்படக் காரணமாயிருந்தவர் ஹாரிசனே ஆவார். அத்துறையில் முறையான பயிற்சி பெற வேண்டுமானால் அந்நாளில் ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1940களில் சாண்டி ஐக்கிய அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

வட அமெரிக்காவில் பயிற்சி

முதலில் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மேற்கொண்டார். அதன்பின் கனடாவின் மொண்ட்ரியால் நரம்பியல் கழகத்தில் வைல்டர் பென்பீல்டிடம் பயிற்சி பெற்றார். 1934இல் திறக்கப்பட்ட அக்கழகம் கால்-கை வலிப்புக்கான அறுவை மருத்துவத்தில் அப்போது உலகின் முன்னணி நிறுவனமாக விளங்கியது.

பென்பீல்டு நோயாளியை முழுமையாக மயக்காமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து மண்டையோட்டைத் திறப்பார். மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, எந்தப் பகுதி கையை அசைக்கிறது, எது பேச்சைத் தடுக்கிறது, எது வலிப்பின் முன்னறிகுறியை வரவழைக்கிறது என்று நோயாளியின் வாய்மொழியாகவே அறிந்துகொள்வார். மூளைக்கு வலியுணர்வு இல்லாமையால் இது இயலக்கூடியதாயிற்று. அதே கழகத்தில் ஹெர்பர்ட் ஜாஸ்பர் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறியும் முறைகளை வளர்த்து வந்தார். நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், மின்னலை வல்லுநர், நோயியலாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இணைந்து செயற்படும் இந்த அமைப்பே பின்னர் வேலூரில் சாண்டி உருவாக்கிய துறைக்கு முன்மாதிரியாயிற்று.

மொண்ட்ரியாலில் பயிற்சியை முடித்த சாண்டி கனடா அறுவை மருத்துவர் கழகத்தின் உயர் தகுதியைப் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில், பென்பீல்டின் மாணவரான தியோடர் ராஸ்முசெனின் துறையிலும் பணியாற்றினார்.

வேலூருக்கு வருகை

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1940களில் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தப்பட்டது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இம்மாற்றத்தின்போது கல்லூரிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான தொழுநோய் மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக்ரேன், புதிய சிறப்புத் துறைகளுக்குத் தகுதி வாய்ந்தவர்களைத் தேடினார். அவருடைய அழைப்பை ஏற்றே சாண்டி வேலூருக்கு வர இசைந்தார்.

1949ஆம் ஆண்டு சாண்டி வேலூரில் பணியைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை மருத்துவப் பணியைத் தொடங்கினார். இவ்வாறு சுதந்திர இந்தியாவில் இத்துறை முதலில் வேரூன்றிய இரு இடங்களும் அன்றைய சென்னை மாகாணத்திலேயே அமைந்தன.

வேலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி முதலிய ஊர்கள் வேலூருக்கு மேற்கே பெங்களூர் செல்லும் சாலையில் உள்ளன. தோல் பதனிடும் தொழிலாலும் வேளாண்மையாலும் வாழும் இப்பகுதி மக்களுக்கு வேலூர் பேருந்திலோ, ஜோலார்பேட்டை - காட்பாடி இருப்புப்பாதையிலோ சென்றடையக்கூடிய தொலைவில் இருந்தது. எனினும் மூளை நோயைப் பொறுத்தவரை 1949க்கு முன் வேலூருக்குச் சென்றும் பயனில்லை; நாட்டின் வேறெந்த நகரிலும் இதற்கெனத் தனித்துறை இல்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைக் கொடுப்பதும், அதைப் பேயின் செயலாகவோ முன்வினையாகவோ கருதி மறைத்து வைப்பதும் ஊர்ப்புறங்களில் வழக்கமாக இருந்தன. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என வளர்ந்துவரும் மூளைக் கட்டி பெரும்பாலும் பெயரில்லாத நோயாகவே முடிந்தது.

அக்கால மூளைப் படமெடுப்பு முறைகள்

மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. எலும்பு மட்டுமே தெளிவாகப் பதியும். மூளைத் திசுவும், அதில் வளரும் கட்டியும், சூழ்ந்துள்ள நீரும் ஏறத்தாழ ஒரே அளவில் கதிர்களை ஊடுருவ விடுவதால் படத்தில் வேறுபாடு இன்றிப் போகும். எனவே சாண்டியின் தலைமுறையினர் கட்டியை நேரடியாகக் காண இயலவில்லை. அது தன்னைச் சுற்றியுள்ளவற்றை எவ்வாறு நகர்த்தியிருக்கிறது என்பதைக் கொண்டு அதன் இடத்தை ஊகித்தறிந்தனர். அதற்கு மூன்று முறைகள் பயன்பட்டன.

காற்றுப் படம்: அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918இலும் 1919இலும் அறிமுகப்படுத்திய முறை இது. மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அந்நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தினால், காற்று எக்ஸ் கதிர்ப் படத்தில் கருமையாகத் தெரியும். அறைகளின் வடிவம் புலப்படும். ஓர் அறை ஒருபுறம் தள்ளப்பட்டிருந்தால் எதிர்ப்புறத்தில் கட்டி இருப்பதாகக் கொள்ளலாம். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்திக் காற்றை ஏற்றுவது ஒரு வகை. இதனால் நோயாளிக்குக் கடுந்தலைவலியும் வாந்தியும் ஏற்படும். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தால் மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு நேரடியாக நீரறையில் காற்றைச் செலுத்துவர். இச்சோதனையைச் செய்தபின் அறுவை மருத்துவத்தைத் தள்ளிப்போட இயலாது. நோயறிதலும் மருத்துவமும் பெரும்பாலும் ஒரே நாளில் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

குருதிக்குழாய்ப் படம்: போர்ச்சுகலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ் 1927இல் கண்டறிந்த முறை. எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் நீர்மத்தைக் கழுத்திலுள்ள தமனியில் செலுத்தி, அது மூளையின் குழாய்களில் பரவும் சில நொடிகளுக்குள் படம் எடுக்க வேண்டும். குழாய்களின் இடப்பெயர்ச்சி, குழாய்ச் சுவரின் வீக்கம், கட்டிக்குள் உருவான புதிய குழாய்கள் ஆகியவை இதில் புலப்படும்.

மூளை மின்னலை வரைவு: செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்ட முறை. தலைத்தோலில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின் செயற்பாடு கோடுகளாக வரையப்படுகிறது. இது மூளையின் வடிவத்தைக் காட்டாது. அதன் செயலைக் காட்டும். ஆகையால் கால்-கை வலிப்பைக் கண்டறிவதில் இன்றும் இதன் இடத்தை வேறெந்தக் கருவியும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இம்முறைகள் அனைத்தும் சேர்ந்தும் ஐயத்துக்கு இடமில்லாத விடையைத் தருவதில்லை. எனவே நோயாளியின் வரலாற்றைக் கேட்பதும், கண்ணின் உட்புறம், நடை, பேச்சு, தசை வலிமை ஆகியவற்றைப் படிப்படியாகச் சோதிப்பதும் அடிப்படையாக இருந்தன. மண்டையோட்டைத் தவறான இடத்தில் திறந்தால் அதன் விலையை நோயாளியே கொடுக்க வேண்டியிருந்தது.

கால்-கை வலிப்பு அறுவை மருத்துவம்

நரம்பியல் மருத்துவரான பல்தேவ் சிங் வேலூரில் சாண்டியுடன் இணைந்து பணியாற்றினார். மருந்துக்குக் கட்டுப்படாத கால்-கை வலிப்பு உடைய ஒருவருக்கு இவ்விருவரும் 1952ஆம் ஆண்டில் செய்த அறுவை மருத்துவம், இந்தியாவில் இந்நோய்க்காகச் செய்யப்பட்ட முதல் அறுவை மருத்துவம் எனக் கருதப்படுகிறது. நோயாளி குழந்தைப் பருவத்திலேயே உடலின் ஒருபுறம் செயலிழந்த இளைஞர் ஆவார்.

இந்நிகழ்வு இருவகையில் முக்கியமானது. வலிப்பு மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து எழும் நோய் என்பதும், அப்பகுதியைக் கண்டறிய இயலுமாயின் அதை நீக்கி நோயைக் குறைக்கலாம் என்பதும் இந்திய மருத்துவ உலகிற்குச் செயல்முறையில் காட்டப்பட்டன. மேலும், பென்பீல்டின் கழகத்தில் நடைபெற்ற வேலையைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே வட ஆற்காட்டின் ஒரு நகரில் செய்ய இயலும் என்பதும் உறுதியாயிற்று. பல்தேவ் சிங் பின்னர் தில்லி சென்று அங்கு நரம்பியல் வளரக் காரணமானார்.

துறையின் அமைப்பு

அறுவை மருத்துவம் மட்டும் தனித்து வளர இயலாது என்பது சாண்டியின் உறுதியான கொள்கை. நரம்பியல் மருத்துவம், மின்னலைப் பதிவு, நோயியல், உயிர்வேதியியல் ஆகியவை அறுவை அரங்கிற்கு அருகிலேயே இருக்க வேண்டும் என அவர் விரும்பினார். இதன் பயனாக வேலூரில் நரம்பு வேதியியல் ஆய்வகம் ஒன்று உருவாயிற்று. அதற்குப் பொறுப்பேற்ற உயிர்வேதியியலாளர் பிமல் குமார் பச்சாவத் 1962இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார். குழந்தைகளின் மூளையிலுள்ள வெண்பொருளைச் சிதைக்கும் ஒருவகைப் பரம்பரை நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட நொதியின் குறைபாடே காரணம் என்று 1963இல் வெளியான ஆய்வில் இவ்வாய்வகத்தினர் அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்டினுடன் பங்கேற்றனர். படத்தில் காண இயலாத மூளை நோயை ஆய்வகச் சோதனையால் கண்டறியும் வழியை இது திறந்தது.

பயிற்சியும் மாணவர்களும்

வெளிநாடு சென்று கற்றுவந்த ஒருவரால் ஒரு மருத்துவமனையை நடத்தலாம். ஒரு நாட்டின் தேவையை நிறைவு செய்ய இயலாது. இதனை உணர்ந்த சாண்டி 1950களின் பிற்பகுதியில் வேலூரிலேயே நரம்பியல் அறுவை மருத்துவத்தில் முறையான பட்டமேற்படிப்புப் பயிற்சியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பயிற்சி தொடங்கப்பட்டது இதுவே முதன்முறை. அவரிடம் பயின்றவர்களுள் கே. வி. மத்தாய், ஜேக்கப் ஆபிரகாம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

சாண்டி கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

இந்திய நரம்பியல் கழகம்

1951ஆம் ஆண்டு சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் தொடங்கப்பட்டது. ஜேக்கப் சாண்டி, பா. ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் அதன் நிறுவனர்கள் ஆவர். சாண்டி அதன் முதல் தலைவராக விளங்கினார். மருந்தால் குணப்படுத்தும் நரம்பியலாரும் அறுவை மருத்துவரும் பல நாடுகளில் தனித்தனிச் சங்கங்களாக இயங்கிய காலத்தில், இக்கழகம் இருசாராரையும் ஒன்றாக இணைத்தது. நால்வரும் ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதாது செயற்பட்டமையே இதற்கு அடிப்படை எனலாம். இக்கழகம் தன் ஆய்விதழை 1953 முதல் வெளியிட்டு வருகிறது.

சி.டி. ஸ்கேனும் பிற்கால வேலூர் ஆய்வுகளும்

சாண்டி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டனிலுள்ள ஒரு மருத்துவமனையில் கோட்பிரே ஹௌன்ஸ்பீல்டு உருவாக்கிய கருவியால் முதல் நோயாளியின் மூளை சி.டி. முறையில் படமெடுக்கப்பட்டது. பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணினியால் கூட்டி, மூளையைக் குறுக்கே வெட்டியதுபோன்ற படங்களை இக்கருவி தந்தது. ஹௌன்ஸ்பீல்டும் ஆலன் கோர்மாக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காற்றுப் படம் படிப்படியாக வழக்கொழிந்தது. பின்னர் எக்ஸ் கதிரின்றிக் காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. வந்தது. அதற்காகப் பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு ஆகியோர் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

புதிய கருவி புதிய ஐயத்தையும் கொண்டுவந்தது. இந்தியாவில் வலிப்பு நோயாளிகளைச் சி.டி. ஸ்கேன் செய்தபோது, பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தென்பட்டது. இந்தியாவில் மூளைக் காசநோய்க் கட்டி மிகுதியாகக் காணப்படுவதால் இதுவும் அதுவே எனப் பலர் கருதினர். காசநோய் மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டன. ஆனால் இப்புள்ளிகளுள் பல, மருந்து இல்லாமலேயே தாமாக மறைந்தன.

இப்புதிருக்கு விடை காண்பதில் சாண்டி தொடங்கிய துறையே முன்னின்றது. அவருடைய மகனும் நரம்பியல் அறுவை மருத்துவருமான மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் 1980களின் இறுதியிலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், அகற்றி எடுக்கப்பட்ட இத்தகைய புள்ளிகளுள் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி இறப்பதால் உண்டாகும் அழற்சி என்று காட்டினர். புள்ளி ஒன்றே ஒன்றாக இருத்தல், அதன் அளவு 20 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல், சுற்றியுள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டை நகர்த்தாதிருத்தல், நோயாளிக்கு மண்டை அழுத்த மிகுதியோ படிப்படியாக வளரும் செயலிழப்போ இல்லாதிருத்தல் ஆகியவற்றைக் கொண்டு இதைக் காசநோய்க் கட்டியிலிருந்து பிரித்தறியும் வரையறைகள் 1993இல் வெளியாயின. இதனால் தேவையற்ற அறுவை மருத்துவத்தையும் தேவையற்ற காசநோய் மருந்துகளையும் தவிர்க்க முடிந்தது.

இந்நோய் பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு மட்டுமே வரும் என்பது தவறான எண்ணம். நாடாப்புழு உடையவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் நீர், காய்கறி, கழுவாத கைகள் ஆகியவற்றின் வழியாக எவருடைய வயிற்றையும் சென்றடையலாம். சைவ உணவினரும் இதற்கு விலக்கல்லர். நாட்றம்பள்ளிப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வேலூர் மாவட்டத்தில் மக்களிடையே நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, வலிப்பு நோய் உடையோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் என்று கண்டது. கழிப்பிட வசதியாலும் கை கழுவுதலாலும் தடுக்கக்கூடிய காரணம் இது. நாட்றம்பள்ளி 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது.

ஓய்வும் மறைவும்

1970இல் வேலூர்ப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சாண்டி சொந்த ஊரான கோட்டயத்துக்குத் திரும்பினார். கல்லூரியின் வளர்ச்சியையும் தம் பணியையும் பற்றிய நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1988இல் வெளியிட்டார். 2007ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் தமது 97ஆம் அகவையில் காலமானார்.

பங்களிப்பு

சாண்டியின் பெயர் ஏதேனும் ஒரு கருவியோடோ கண்டுபிடிப்போடோ இணைத்துச் சொல்லப்படுவதில்லை. துறையொன்றை நிறுவி, அதைத் தமக்குப் பின்னும் நடத்தக்கூடியவர்களை உருவாக்கியதே அவருடைய முதன்மையான பங்களிப்பாகும். படமெடுப்பு முறைகள் காற்றிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து காந்தப்புலத்துக்கும் மாறின. ஆயினும் படத்தில் காணும் புள்ளி எதைக் குறிக்கிறது என்பதை நோயாளியின் வரலாறு, ஆய்வகச் சோதனை, திசு ஆய்வு ஆகியவற்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அனைத்துப் பிரிவினரையும் ஒரே துறைக்குள் கொண்டுவந்த சாண்டியின் ஏற்பாடு, சி.டி. காலத்தில் வேலூர் ஆய்வாளர்கள் கண்ட விடைக்கும் அடித்தளமாக அமைந்தது.